சதுப்பில் மறைந்த வழிகள்: ரோமானிய எல்லைப்புறப் போக்குவரத்தைக் கணினியில் மீட்டமைப்பது எப்படி, அதை எவ்வளவு நம்பலாம்?

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். ரோமானியப் பேரரசின் எல்லைப்புறங்களில் கோட்டைகளையும் குடியிருப்புகளையும் அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். ஆனால் அவற்றுக்கிடையே உள்ளூர் மக்கள் அன்றாடம் போய்வந்த வழிகள் அநேகமாக எதுவும் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, அந்த வழிகளைக் கணினி மாதிரியால் மீட்டமைத்துவிட்டோம் என்று ஆய்வாளர்கள் சொல்வது எப்படி, அது படித்தவர்களின் ஊகம் என்பதற்கு மேல் வேறு ஏதாவதா? இதே முறையை எல்லா எல்லைப்புறத்துக்கும் எடுத்துப்போகலாமா? செய்முறையைப் புரிந்துகொள்ளாமல் நம்பகத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதால் செய்முறையிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இத்தகைய மாதிரி "இங்கே ஒரு பாதை இருந்தது" என்று சொல்வதில்லை. "மக்கள் இன்ன விதிப்படி போய்வந்திருந்தால், எந்த ஊர் மற்ற ஊர்களுக்குப் போகும் வழியில் அமைந்திருக்கும்" என்றுதான் சொல்கிறது. அந்த விதியை மாற்றிப் போட்டாலும் விடை நிலைக்கிறதா என்று பார்த்திருக்கிறார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் எந்த அளவிலான வழியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் பெருவழி, வண்டித்தடம், ஒற்றையடிப்பாதை என்று மூன்று சொற்கள் இருப்பது இங்கே வசதியாக இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் ஷைடலும் எலைஜா மீக்ஸும் 2012-இல் வெளியிட்ட "ஓர்பிஸ்" மாதிரி, ரோமிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குப் போக எத்தனை நாளாகும், எவ்வளவு செலவாகும் என்பது போன்ற கேள்விகளுக்கானது; அது பெருவழிகளையும் கடல்வழிகளையும் கணக்கிடுகிறது. 2025-இல் வெளியான "இட்டினர்-ஈ" தரவுத்தொகுப்பு பேரரசு முழுவதிலும் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் சாலைகளை வரைபடத்தில் ஏற்றியிருக்கிறது. அதிலும் இடம் ஐயமின்றித் தெரிந்த பகுதி 3 விழுக்காட்டுக்கும் குறைவு. பெருவழிகளின் கதியே இதுவென்றால், ஒரு பண்ணையிலிருந்து பக்கத்துப் பண்ணைக்குப் போன ஒற்றையடிப்பாதையை மண்ணில் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. மாதிரியாக்கம் தேவைப்படுவது இந்தக் கடைசி இரண்டு வகை வழிகளுக்குத்தான்.

நான் எடுத்துக்கொள்ளும் நிலம் இன்றைய நெதர்லாந்தில் உள்ள ரைன் ஆற்றின் கழிமுகம். ஆம்ஸ்டர்டமின் வ்ரையே பல்கலைக்கழகத்தில் பிலிப் வெர்ஹாகன் தலைமையில் 2012-இல் தொடங்கிய ஆய்வுத்திட்டமும், அதில் மார்க் க்ரூன்ஹாய்சன் செய்த வலைப்பின்னல் ஆய்வுகளும் இந்தத் துறையில் ஒப்பீட்டளவில் மிக வெளிப்படையானவை. எங்கே என்ன முடிவெடுத்தோம் என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். கி.மு. 12-இல் ரோமானியத் தளபதி ட்ரூசஸின் படைகள் இந்தப் பகுதி வழியாகச் சென்றன. ரைனுக்கு அப்பாலிருந்த ஜெர்மானியாவை முழுதாக வெல்லும் எண்ணம் கைவிடப்பட்ட பிறகு ரைனின் தென்கரையே எல்லையாயிற்று, கி.பி. 40-களில் வால்கன்பர்க், அல்ஃபன், ஸ்வாமர்டாம், வூர்டன், உட்ரெக்ட் என்று அடுத்தடுத்துச் சிறு கோட்டைகள் எழுந்தன. இவற்றில் பலவற்றுக்கிடையே உள்ள தொலைவை அரை நாளில் நடந்து கடந்துவிடலாம். கோட்டைகளுக்குத் தெற்கே பட்டாவியர், கனனெஃபாட்டியர் ஆகிய இனக்குழுக்களின் சிறு சிறு குடியிருப்புகள் நூற்றுக்கணக்கில் பரவியிருந்தன. நகரம் என்று சொல்லத்தக்கவை இரண்டே: இன்றைய நைமேகனில் இருந்த நோவியோமாகுஸ், இன்றைய ஃபோர்பர்கில் இருந்த ஃபோரும் ஹாட்ரியானி.

இந்த நிலத்தின் அமைப்பைக் கண்முன் நிறுத்தாமல் மேலே போவதில் பயனில்லை. ஆறு வெள்ளக்காலத்தில் கொண்டுவரும் மணலும் வண்டலும் கரையோரமாகவே படிந்து, பின்னால் இருக்கும் நிலத்தைவிட ஒன்றிரண்டு மீட்டர் உயர்ந்த மேடுகளாகின்றன. மேட்டுக்குப் பின்னால் களிமண் தாழ்நிலம். வெள்ளம் வந்தால் வாரக்கணக்கில் நீர் தேங்கும். அதற்கும் அப்பால், குறிப்பாக மேற்கே, பீட் எனப்படும் மட்கிய தாவரச் சதுப்பு. ஆறு திசை மாறினாலும் பழைய மேடு அப்படியே கிடக்கும். ஆகவே குடியிருப்பு, வயல், கோட்டை எல்லாமே இந்த மேடுகளின் மேல்தான். நிலத்தின் உயர வேறுபாடு ஒரு மனிதனின் உயரத்துக்கு மேல் போகாத ஊரில், அந்த ஒன்றரை மீட்டர்தான் உலர்ந்த பாதத்தையும் நனைந்த பாதத்தையும் பிரிக்கிறது.

முதல் வேலை, அன்றைய நிலத்தை வரைவது. இன்றைய உயர வரைபடத்தை எடுத்து அப்படியே பயன்படுத்தினால் எல்லாம் தவறாகிவிடும். இடைக்காலம் முதல் சதுப்பு நிலங்களுக்கு வடிகால் வெட்டி நீரை வெளியேற்றினார்கள். பீட் காய்ந்து சுருங்கி நிலம் அமிழ்ந்தது. பல இடங்களில் அதை எரிபொருளாக வெட்டியும் எடுத்துவிட்டார்கள். பிற்கால வெள்ளங்கள் ரோமானியத் தரையின் மேல் களிமண்ணைப் போர்த்தின. ஆற்றுமேட்டின் மணல் சுருங்கவில்லை, சுற்றியிருந்த பீட் சுருங்கியது என்பதால், விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த தேசிய உயர வரைபடத்தில் பழைய ஆற்றுத்தடங்கள் முதுகெலும்பு போலத் துருத்திக்கொண்டு தெரிகின்றன. இது ஆய்வாளருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அதனுடன், பல பத்தாண்டுகளாகத் துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளையும் கரிமக் காலக்கணிப்பையும் சேர்த்து, எந்த ஆற்றுத்தடம் ரோமானியர் காலத்தில் உயிரோடு இருந்தது, எது ஏற்கெனவே தூர்ந்திருந்தது என்று பிரிக்கிறார்கள். கோட்டைகளின் இருப்பிடத்துக்கும் இந்த நிலவமைப்புக்கும் உள்ள உறவை மரீகே வான் டின்டர் 2013-இல் விரிவாக ஆராய்ந்தார். சதுப்பிலிருந்து வடியும் சிற்றாறுகள் ரைனில் கலக்கும் இடங்களுக்கு அருகே கோட்டைகள் பல அமைந்திருப்பது அவர் காட்டியவற்றில் முக்கியமானது. ஆற்றையும் சிற்றாற்றின் வாயையும் கண்காணிப்பதே நோக்கம் என்றால், மேட்டின் அகலம் குறைவாக இருந்ததைப் படை பொருட்படுத்தவில்லை.

நிலம் வரைந்தாயிற்று என்றால் அடுத்தது நடையின் விலை. நிலப்பரப்பைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க எவ்வளவு நேரம் அல்லது எவ்வளவு ஆற்றல் தேவை என்று ஓர் எண்ணைத் தருகிறார்கள். தொல்லியலில் பெரும்பாலோர் கைக்கெட்டியதாக எடுப்பது வால்டோ டோப்ளர் 1993-இல் தந்த நடைவேக வாய்பாடு. அதன்படி சமதரையில் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், சரிவு கூடக்கூட வேகம் குறையும். மலைநாட்டுக்கு அது சரி. சரிவே இல்லாத கழிமுகத்தில் அந்த வாய்பாடு எல்லாக் கட்டத்துக்கும் ஒரே எண்ணைத் தந்துவிடும். சேற்றுக்கும் கட்டாந்தரைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. மென்பொருளில் இயல்பாக இருக்கிறது என்பதற்காக டோப்ளரை இப்படிப்பட்ட நிலத்தில் ஓட்டிய வரைபடங்களை நான் பார்த்திருக்கிறேன். அவை உண்மையில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதற்குச் சமம்.

இங்கே பொருந்துவது அமெரிக்கப் படை மருத்துவ ஆய்வாளர் பேண்டால்ஃபும் உடன் பணியாற்றியவர்களும் 1977-இல் தந்த சமன்பாடு. சிப்பாய் சுமையோடு நடக்கையில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளப்பதற்காக உருவானது அது. உடல் எடை, சுமை, வேகம், சரிவு ஆகியவற்றோடு தரைக்கென்று ஒரு பெருக்கெண்ணும் அதில் உண்டு. கெட்டியான தார்ச்சாலைக்கு 1.0, மண்பாதைக்கு 1.1, அடர்ந்த புதருக்கு 1.5, சதுப்புக்கு 1.8, கால் புதையும் மணலுக்கு 2.1. இதைக் கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ தானியத்தைச் சுமந்துகொண்டு மேட்டு மண்பாதையில் மணிக்கு 4.5 கிலோமீட்டர் நடக்கிறார் என்றால் ஏறத்தாழ 333 வாட் ஆற்றலைச் செலவிடுகிறார். அதே அளவு ஆற்றலைத்தான் அவர் செலவிட முடியும் என்றால், சதுப்பில் அவருடைய வேகம் சுமார் 3.5 கிலோமீட்டராகக் குறையும். 10 கிலோமீட்டரை மேட்டில் 2 மணி 13 நிமிடத்தில் கடப்பவருக்குச் சதுப்பில் 2 மணி 51 நிமிடம் ஆகும். திருப்பிச் சொன்னால், சதுப்பைக் குறுக்கே கடக்கும் 10 கிலோமீட்டரும், மேட்டின் மேல் சுற்றிப்போகும் 12.8 கிலோமீட்டரும் அவருக்கு ஒன்றுதான். சுற்றுவழி அதைவிட நீண்டால் அவர் சேற்றில் இறங்கிவிடுவார்.

நடப்பவருக்கு இருக்கும் இந்தத் தேர்வு எருதுவண்டிக்கு இல்லை. சக்கரம் புதைந்தால் வேகம் குறைவதோடு நிற்பதில்லை, பயணமே முடிந்துவிடும். ஆகவே வண்டிக்குச் சதுப்புக் கட்டங்களை அடைத்தே விட வேண்டும். கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும் இடைப்பட்ட மதிப்பு. இப்படி வாகனத்துக்கு வாகனம் வேறு வேறு வலைப்பின்னல் உருவாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "பாதை வலைப்பின்னல்" என்று ஒருமையில் பேசுவதே பிழை.

கட்டங்களுக்கு விலை வைத்த பின், இரண்டு இடங்களுக்கிடையே மிகக் குறைந்த விலையுள்ள வழியைக் கண்டுபிடிப்பது இன்று நொடிப்பொழுது வேலை. அதற்கு அடித்தளமான வழிமுறையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டமில் ஒரு காப்பிக்கடையில் அமர்ந்து, தாளோ பேனாவோ இல்லாமல், சுமார் 20 நிமிடத்தில் மனத்திலேயே வகுத்ததாகப் பின்னாளில் சொன்னார். புதிய கணினி ஒன்றைப் பொதுமக்களுக்கு இயக்கிக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட கணக்கு, நெதர்லாந்து நகரங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி எது என்பது. அதே நாட்டின் 2,000 ஆண்டு முந்தைய சேற்றுவழிகளைத் தேடவும் இன்று அதுவே பயன்படுகிறது.

இதுவரை சொன்னவற்றில் சர்ச்சை குறைவு. சர்ச்சை தொடங்குவது அடுத்த படியில். நூற்றுக்கணக்கான குடியிருப்புகள் இருக்கும்போது ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் வழி போட்டால் கிடைப்பது வலைப்பின்னல் அல்ல, கறுப்புத் திட்டு. எவ்விரண்டு ஊர்களுக்கிடையே நேரடித் தொடர்பு இருந்தது என்று கொள்வது, எதை விடுவது? சாலை கிடைக்காதபோது இதற்கு ஒரு விதி வேண்டும். ஆய்வாளர் எந்த விதியை எடுக்கிறாரோ அதைப் பொறுத்தே முடிவின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. நிலவரைபடத்துக்கும் நடைவிலைக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிவிட்டு, இணைப்பு விதிக்கு ஒரே ஒரு வரியை ஒதுக்கும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

எளிதில் தோன்றும் விதி, குறிப்பிட்ட தொலைவுக்குள், உதாரணமாக ஒரு மணி நேர நடைக்குள், இருக்கும் ஊர்களையெல்லாம் இணைப்பது. ஊர்கள் நெருங்கியிருக்கும் மேட்டில் இது கண்டபடி கோடுகளைப் போட்டு நிரப்பும். தனித்திருக்கும் ஊரை எதனோடும் சேர்க்காமல் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஓரடி அப்பால் இருந்ததற்காக யாரும் பக்கத்து ஊருக்குப் போகாமல் இருந்திருக்க மாட்டார்கள். இன்னொரு விதி, ஒவ்வோர் ஊரையும் அதற்கு மிக அருகிலுள்ள மூன்று அல்லது நான்கு ஊர்களோடு இணைப்பது. இதில் நெருக்கமான கூட்டங்கள் தமக்குள்ளேயே இணைந்துகொண்டு, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே தொடர்பே இல்லாமல் போகும் ஆபத்து உண்டு. அண்டை ஊர்களை மூன்று மூன்றாக இணைத்து, டெலோனே முக்கோணங்கள் எனப்படுபவற்றால் நிலத்தை நிரப்பும் விதி அனைத்தையும் இணைத்துவிடும். ஆனால் ஓரங்களில் யாரும் நடந்திருக்க முடியாத நெடுங்கோடுகளைப் போடும்.

1969-இல் ருபென் கேப்ரியலும் ராபர்ட் சோகலும் உயிரியல் தரவுகளுக்காக முன்வைத்த விதி வேறு வகை. இரண்டு ஊர்களை இணைக்கும் நேர்கோட்டை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்தால், அதற்குள் மூன்றாவது ஊர் எதுவும் இல்லையென்றால்தான் அவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு. மூன்றாவது ஊர் உள்ளே இருந்தால், மக்கள் அதன் வழியாகவே போயிருப்பார்கள் என்று கொள்வது. எண்ணால் பார்ப்போம். அ, ஆ என்ற இரண்டு ஊர்களுக்கிடையே 3 கிலோமீட்டர். இ என்ற ஊர் இரண்டுக்கும் 2 கிலோமீட்டரில் இருந்தால், 2-இன் வர்க்கமும் 2-இன் வர்க்கமும் சேர்ந்து 8. அது 3-இன் வர்க்கமான 9-ஐவிடக் குறைவு. ஆகவே இ வட்டத்துக்குள் இருக்கிறது, அ–ஆ தொடர்பு நீக்கப்படும். இ சற்று விலகி, அ-விலிருந்து 2.5 கிலோமீட்டரில் இருந்தால் கூட்டல் 10.25 ஆகிவிடும், தொடர்பு நிற்கும். இதே மூன்று ஊர்களைக் காட்ஃப்ரீட் டூசன் 1980-இல் தந்த இன்னும் கண்டிப்பான அண்மை விதியில் போட்டால், 2.5, 2 ஆகிய இரண்டுமே 3-ஐவிடக் குறைவு என்பதால் அந்தத் தொடர்பு போய்விடும். ஊர்கள் அதே, தொலைவு அதே. விதி மாறியதும் வழி மாறுகிறது. தொலைவுக்குப் பதிலாக நடைநேரத்தைப் போட்டாலும் கணக்கின் அமைப்பு இதுதான்.

வெர்ஹாகனும் க்ரூன்ஹாய்சனும் இப்படிப்பட்ட பல விதிகளை ஒரே நிலத்தில் ஓட்டி ஒப்பிட்டு, உள்ளூர்ப் போக்குவரத்துக்குக் கேப்ரியல் விதியே பொருத்தமானது என்ற முடிவுக்கு வந்தார்கள். அது எந்த ஊரையும் தனித்து விடுவதில்லை. அதே நேரத்தில் தேவைக்கு மிஞ்சிய கோடுகளும் குறைவு. என் அனுபவமும் அதையே சொல்கிறது. ஆனால் அது சரியென்று தோன்றுவதற்குக் காரணம், வழியில் ஓர் ஊர் இருந்தால் அங்கே நின்று போவார்கள் என்ற சமூக ஊகம் அதற்குள் மறைந்திருப்பதுதான். இரண்டு ஊர்களுக்கிடையே பகை இருந்தால்? நடுவில் இருப்பது படைமுகாமாக இருந்து, உழவர்கள் அதைத் தவிர்த்துச் சுற்றிப்போக விரும்பினால்? வட்டத்துக்கு அது தெரியாது. கி.பி. 69–70-இல் யூலியுஸ் சிவிலிஸ் தலைமையில் பட்டாவியர் கிளர்ந்தெழுந்தபோது இதே கோட்டைகள் எரிந்தன என்பதை நினைவில் வைத்தால், இது வெறும் கற்பனை எதிர்ப்பு அல்ல என்பது புரியும்.

சரி, வலைப்பின்னல் கிடைத்துவிட்டது. அதனிடம் என்ன கேட்பது? பெரும்பாலும் கேட்கப்படுவது இடைமை: எல்லா ஊர்களிலிருந்தும் எல்லா ஊர்களுக்கும் மிகக் குறைந்த செலவில் போகும் வழிகளை எடுத்துக்கொண்டால், அவற்றில் எத்தனை வழிகள் ஓர் ஊரைத் தொட்டுச் செல்கின்றன என்ற எண்ணிக்கை. இதைக் கொண்டு உண்மையான வரலாற்றுக் கேள்வி ஒன்றை அணுகலாம். உள்ளூர் மக்கள் விளைவித்த வாற்கோதுமையும் வெட்டிய மரமும் வளர்த்த கால்நடையும் கோட்டைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன? ஒவ்வோர் உழவரும் தாமே கொண்டுபோய்க் கொடுத்தாரா, அல்லது நடுவில் ஓர் ஊரில் திரட்டப்பட்டு மொத்தமாகப் போயிற்றா? கல் அடித்தளமும் ஓட்டுக்கூரையும் கொண்ட கட்டடங்கள் சில நாட்டுப்புறக் குடியிருப்புகளில் கிடைத்திருக்கின்றன. சுற்றிலும் மரமும் மண்ணும் கூரையுமாக இருந்த நாட்டில் இது கண்ணில் படும் வேறுபாடு. இவைதாம் திரட்டும் இடங்களாக இருந்தனவா? அப்படியென்றால் மற்ற ஊர்களைவிட இவற்றின் இடைமை உயர்ந்திருக்க வேண்டும், கோட்டைக்குப் போகும் வழிகள் இவற்றில் குவிய வேண்டும். இப்படிச் சோதிக்கத்தக்க வடிவத்தில் கேள்வியைத் தருவதுதான் மாதிரியின் உண்மையான பயன் என்று நினைக்கிறேன்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சிப்பாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 1 கிலோ தானியம் என்று கணக்கிடுவது வழக்கம். 350 பேர் இருக்கும் சிறு கோட்டைக்கு ஆண்டுக்கு சுமார் 128 டன். தலைக்கு 20 கிலோவாகச் சுமந்தால் 6,400 நடை. வண்டிக்கு 400 கிலோ என்றால் 320 வண்டி. ஆற்றுப் படகு ஒன்று பல டன்களை ஒரே பயணத்தில் கொண்டுவந்துவிடும். ஸ்வாமர்டாமில் 1970-களின் தொடக்கத்தில் கிடைத்த தட்டையடிப் படகுகளில் ஒன்று சுமார் 34 மீட்டர் நீளம். டி மேர்னில் 2003-இல் அகழ்ந்தெடுத்த, கி.பி. 148-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட படகு 25 மீட்டர். வூர்டன் படகில் கோதுமைச் சரக்கின் எச்சமே கிடைத்தது. கடலின் ஆபத்தைத் தவிர்க்கப் படைத்தலைவர் கோர்புலோ கி.பி. 47-ஐ ஒட்டி ரைனுக்கும் மியூஸ் ஆற்றுக்கும் இடையே 23 ரோமானிய மைல் நீளத்துக்கு வெட்டிய கால்வாயை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். ஆக, தொலைவிலிருந்து வந்த கோதுமை நீர்வழியாக வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவை மேட்டு வழியாகவும் சிற்றாறுகள் வழியாகவும் வந்திருக்கும். நடைவழியை மட்டும் மாதிரியாக்கிவிட்டு "கோட்டைக்கான வழங்கல்" என்று தலைப்பிடுவது பாதிக் கணக்கு. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பட்டாவியர் வரி செலுத்தவில்லை, பேரரசுக்கு ஆள்களையே தந்தார்கள் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் படைக்குப் போன இளைஞர்கள் நடந்த வழியும், விடுப்பிலும் ஓய்விலும் திரும்பி வந்த வழியும் இதே வலைப்பின்னலில்தான் இருந்தன.

இனி நம்பகம். முதல் சிக்கல், நமக்குத் தெரியாத ஊர்கள். நெதர்லாந்தின் தேசியத் தொல்லியல் பதிவேடான ஆர்க்கிஸில் இருப்பவை கண்டெடுக்கப்பட்டவை மட்டுமே. பிற்காலக் களிமண்ணுக்கு அடியில் இருப்பவையும் நகரங்களுக்கு அடியில் போனவையும் அதில் இல்லை. கேப்ரியல் விதியில் ஓர் ஊர் புதிதாக வந்தால் புதிய தொடர்புகள் முளைக்கும், பழையவை சில அறுந்தும் போகலாம். இரண்டாவது, காலம். உழுத நிலத்தின் மேற்பரப்பில் பொறுக்கிய நாலு ஓட்டுச் சில்லுகளை வைத்து ஓர் ஊருக்கு "கி.பி. 70 முதல் 150 வரை" என்று போட்டிருப்பார்கள். வரைபடத்தில் அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகள், ஒன்று கைவிடப்பட்ட பின் மற்றொன்று தோன்றியதாகக் கூட இருக்கலாம். ஒன்றுக்கொன்று வழியே தேவைப்பட்டிருக்காது. இவற்றை நேர்மையாகக் கையாளும் முறை, கணக்கை ஒரு தடவை அல்ல, ஆயிரம் தடவை ஓட்டுவது: ஒவ்வொரு தடவையும் சில ஊர்களைக் குலுக்கல் முறையில் நீக்கி, காலத்தையும் அதன் ஐய எல்லைக்குள் மாற்றிப் போட்டு, எந்த ஊரின் இடைமை தொடர்ந்து உயர்ந்தே இருக்கிறது, எது ஊஞ்சலாடுகிறது என்று பார்ப்பது. இப்படிச் செய்யும்போது, ஒட்டுமொத்தப் போக்கைப் பற்றிய கூற்றுகள் தாக்குப்பிடிக்கும் இடத்திலும், "இந்த ஊர்தான் சந்திப்பு மையம்" என்பது போன்ற தனி ஊர் பற்றிய கூற்றுகள் எளிதில் ஆட்டம் காணும். செய்தித்தாளுக்குப் பிடிப்பது இரண்டாவது வகைக் கூற்று என்பது வேறு விஷயம்.

மூன்றாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நுழைவது: வட்ட வாதம். ஊர்கள் மேட்டில்தான் இருக்கின்றன. மேட்டில் நடப்பது மலிவு என்று நாமே விலை வைத்தோம். பிறகு வழிகள் மேட்டின் மேல் ஓடுகின்றன என்று வியக்கிறோம். நாம் பையில் போட்டதை நாமே எடுத்துக் காட்டுவதில் வித்தை எதுவும் இல்லை. மாதிரி புதிதாக ஏதாவது சொல்லும் இடம், ஒரு மேட்டுத் தொடரிலிருந்து இன்னொன்றுக்குத் தாழ்நிலத்தைக் கடக்க வேண்டிய இடங்கள்தான். எங்கே கடந்தால் சேறு மிகக் குறுகியது என்று அது சுட்டும் இடத்தில் தரையைத் துளையிட்டுப் பார்க்கலாம்; மரக்கட்டை பாவிய தடமோ பாலத்துக்கான குத்துக்கட்டையோ கிடைத்தால் அது சான்று, கிடைக்காவிட்டால் மாதிரிக்கு ஓர் அடி.

நான்காவது, பருவம். வரைபடத்தில் ஒரு கட்டத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே விலைதான். உண்மையில் எப்படி இருந்தது என்பதற்கு இன்னோர் எல்லைப்புறத்திலிருந்து ஒரு குரல் கிடைக்கிறது. வட பிரிட்டனில் விண்டோலாண்டா கோட்டையில் 1970-கள் முதல் கிடைத்துவரும் மெல்லிய மரச்சீவல் ஓலைகளில் ஒன்று, ஒக்டாவியுஸ் என்பவர் காண்டிடுஸுக்கு எழுதிய கடிதம், கி.பி. 100-ஐ ஒட்டியது. ஐயாயிரம் மோடியுஸ் (ரோமானியத் தானிய அளவை) அளவுக்குத் தானியக் கதிர் வாங்கிவிட்டேன், பணம் அனுப்பாவிட்டால் கொடுத்த முன்பணமும் போய், எனக்கும் தலைகுனிவு ஆகும் என்று பதறுகிறார். பிறகு, கட்டரக்டோனியம் என்ற ஊரில் கிடக்கும் தோல்களைப் பற்றிச் சொல்கிறார்: வழிகள் மோசமாக இருக்கும்போது சுமைவிலங்குகளை வதைக்க மனமில்லாததால்தான் இன்னும் போய் எடுத்துவரவில்லை என்கிறார். அந்தக் கோட்டையில் அக்காலத்தையொட்டி இருந்த படைப்பிரிவுகளில் ஒன்று பட்டாவியருடையது என்பது தற்செயலான பொருத்தம். நம் மாதிரியில் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கும், ஒக்டாவியுஸ் காத்திருந்தார். மழைக்காலத்துக்கு ஒன்று, வறண்ட காலத்துக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு விலைவரைபடமாவது வைத்து, எந்த ஊர்கள் குளிர்காலத்தில் துண்டிக்கப்படுகின்றன என்று கேட்பது இப்போதுதான் மெல்லத் தொடங்கியிருக்கிறது.

சரிபார்ப்பதற்கு எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. கோட்டைகளை இணைத்த எல்லைச் சாலை உட்ரெக்டுக்கு மேற்கே பல இடங்களில் அகழப்பட்டிருக்கிறது. ஆற்றோரத்தில் அதைத் தாங்கிய ஓக் மரத்தூண்களின் வளையங்களை எண்ணி, பேரரசர் டிராஜன் காலத்தில் 99–100-ஐ ஒட்டியும் ஹாட்ரியன் காலத்தில் 124–125-ஐ ஒட்டியும் பெரிய சீரமைப்புகள் நடந்ததைக் கண்டிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டுப் படியாக வியன்னாவில் இருக்கும், ரோமானியச் சாலைகளைக் காட்டும் பாய்ட்டிங்கர் வரைபடம் இப்பகுதியில் வடக்கே ரைனை ஒட்டி ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு பெருவழிகளைக் காட்டுகிறது. ஆனால் இவை படைக்கான பெருவழிகள். சேற்றையும் தூண் நட்டுக் கடக்கும் ஆள்பலம் உள்ளவர்கள் போட்டவை. உழவரின் வழிக்கு இவற்றை உரைகல்லாக வைப்பது முழுதும் சரியாகாது. ரோவின் வான் லானெனும் உடன் பணியாற்றியவர்களும் எடுத்த அணுகுமுறை எனக்கு இன்னும் பிடிக்கும். அவர்கள் வழியை ஒற்றைக் கோடாகத் தேடாமல் வழிப்பட்டைகளைத் தேடினார்கள், அதாவது நிலம் போக்குவரத்தை அனுமதிக்கும் அகன்ற இடைவெளிகளை. பிறகு கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்த சான்றுகளை, சாலைத் துண்டுகள், படகுச் சிதைவுகள், தனித்துக் கிடைத்த பொருள்கள் ஆகியவற்றை, அந்தப் பட்டைகளின் மேல் வைத்து எத்தனை உள்ளே விழுகின்றன என்று பார்த்தார்கள். வண்டித்தடம் ஆண்டுக்கு ஆண்டு பத்து மீட்டர் தள்ளிப்போவது எந்த மண்சாலை நாட்டிலும் இயல்பு. அதை ஒரு மெல்லிய கோடாக வரைந்து காட்டுவது தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டுவதாகும்.

இதே முறையை எல்லா எல்லைப்புறத்துக்கும் எடுத்துப்போகலாமா என்பது கேள்வியின் இன்னொரு பகுதி. எகிப்தின் கீழைப் பாலைவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நைல் கரையிலுள்ள கோப்டோஸிலிருந்து செங்கடல் துறையான பெரெனிகேவுக்கு 257 மைல், 12 நாள் பயணம், நிறுத்தங்கள் தண்ணீர் இருக்கும் இடத்தை வைத்தே அமைந்தன என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். பெரெனிகேயில் ஓர் இந்தியச் சேமிப்புச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. வடக்கே உள்ள இன்னொரு துறையான குசைர் அல்-கதீமில் "பானை ஒறி" (ஒறி என்பது உறி) என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய ஓடு கிடைத்தது. அந்த மிளகு ஒட்டக முதுகில் ஏறிப் போன வழியை மாதிரியாக்கும்போது தரையின் மென்மையோ கேப்ரியல் வட்டமோ முதலில் வருவதில்லை. காவல் அரண்களும் கிணறுகளும் பெரும்பாலும் இன்றும் தரைமேல் தெரிகின்றன. ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு நீரில்லாமல் எத்தனை மணி நேரம் போகலாம் என்ற ஒரே வரம்புதான் எந்த இரண்டை இணைப்பது என்பதை முடிவு செய்கிறது. ரைன் சதுப்பில் நான் குறை சொன்ன அந்தத் "தொலைவு வரம்பு" விதி, இங்கே பொருத்தமான விதியாகிவிடுகிறது.